பரம்பரை என்ற சொல்லும் பிரஷர் என்ற வருத்தமும்

"உங்கட குடும்பத்தில வேற யாருக்கும் பிரஷர் இருக்கா டீச்சர்?" என்று கிளினிக்கில் வைத்தியர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாருக்கு இல்லை என்று கேட்டிருந்தால் பதில் சுருக்கமாக முடிந்திருக்கும். வாப்பாவுக்கு 58 வயதில் பாரிசவாதம் வந்தது. வலக்கையும் பேச்சும் போய் மூன்று வருடம் கட்டிலில் கிடந்துதான் மௌத்தானார். உம்மா ஐம்பது வயதிலிருந்து குளிசை போடுகிறார். காக்காவுக்குப் பிரஷரோடு சீனியும் இருக்கிறது. ராத்தாவுக்கு இரண்டு வகைக் குளிசை. இப்போது 43 வயதில், 74 கிலோ நிறையோடு, 152/96 என்ற கணக்கோடு நான் போய் உட்கார்ந்திருந்தேன்.

வைத்தியர் உடனே குளிசை எழுதவில்லை. மூன்று மாதம் தவணை தந்தார். உப்பைக் குறைத்து, ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் வேகமாக நடந்து, திரும்பி வரச் சொன்னார். குறையாவிட்டால் குளிசைதான் என்றார். வீட்டுக்கு வந்து ராத்தாவிடம் சொன்னேன்.

"எங்கட பரம்பரையே இப்பிடித்தான் புள்ள. நீ தலைகீழா நிண்டாலும் வாறது வரும்" என்றார்.

நான் தமிழ் சிறப்புப் பட்டம் படித்தவள். நோயை விட அந்தச் சொல்தான் என்னை அதிகம் உறுத்தியது. எங்கள் விஞ்ஞானப் பாடநூல்களில் 'பரம்பரையலகு' என்று எழுதுகிறோம். தமிழ்நாட்டார் 'மரபணு' என்பார்கள். எனக்கு எங்கள் சொல்லே பிடிக்கும். அலகு என்றால் அளக்கக்கூடியது, சிறியது, பலவற்றில் ஒன்று. பேச்சில் நாம் சொல்லும் 'பரம்பரை' அப்படியல்ல. அது முழுசாக வந்து நம்மேல் விழுகிற ஒன்று. இந்த இரண்டு சொற்களுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று பார்க்கத்தான் கிட்டத்தட்ட ஒரு வருடமாக வாசித்தேன். எங்கள் பாடசாலையின் உயிரியல் ஆசிரியரை இடைவேளைகளில் நான் படுத்திய பாட்டை அவர் மன்னிக்க வேண்டும்.

முதலில் ராத்தாவின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அது சின்ன நியாயமில்லை.

பிள்ளை பெற்றோரைப் போல் பருமனாக இருப்பது இரத்தத்தாலா, ஒரே சட்டியில் சாப்பிடுவதாலா? இதைப் பிரித்துப் பார்க்க டென்மார்க்கில் ஒரு வழி இருந்தது. அங்கே தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய பதிவேடுகள் ஒழுங்காகப் பேணப்பட்டிருந்தன. அல்பேர்ட் ஸ்டங்கார்ட் என்ற அமெரிக்க மருத்துவரும் டென்மார்க் ஆய்வாளர்களும் அப்படித் தத்துப்போன 540 பேரை, அவர்கள் வளர்ந்து பெரியவர்களான பிறகு, எடுத்துப் பார்த்தார்கள். 1986இல் முடிவு வெளிவந்தது. அவர்களுடைய உடல்வாகு பெற்ற தாய் தந்தையின் உடல்வாகோடுதான் ஒத்துப்போனது. சோறு போட்டு வளர்த்தவர்களோடு எந்த ஒப்புமையும் தெரியவில்லை.

1990இல் கனடாவின் கியூபெக்கில் குளோட் பூஷார் என்பவர் செய்தது இன்னும் சுவாரசியமானது. ஒத்த இரட்டையர்களான இளைஞர்கள் 12 சோடியைச் சேர்த்து, 84 நாட்களுக்கு ஒவ்வொரு நாளும் தேவைக்கு மேலாக 1000 கிலோகலோரி சாப்பிட வைத்தார்கள். எல்லாருக்கும் ஒரே அளவு மேலதிக உணவு, ஒரே கண்காணிப்பு. ஆனால் ஒருவருக்கு 4.3 கிலோதான் ஏறியது, இன்னொருவருக்கு 13.3 கிலோ ஏறியது. சராசரி 8.1. ஓர் இரட்டையருக்கு அதிகம் ஏறினால் மற்றவருக்கும் அதிகமாகவே ஏறியது. கொழுப்பு போய்ச் சேர்ந்த இடமும் இருவருக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. கலியாண வீட்டில் ஒரே சஹனில் நாலு பேர் இருந்து சாப்பிட்டு, ஒருத்திக்கு மட்டும் அது உடம்பில் ஒட்டுகிறது என்று நாம் சொல்லும் பேச்சு வெறும் பேச்சில்லை.

இதை வாசித்தபோது ஒரு பழைய விடயம் நினைவுக்கு வந்து எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சில வருடங்களுக்கு முன் தரம் 8இல் ஒரு பிள்ளை இருந்தாள். நல்ல பருமன். படியேறி வகுப்புக்கு வரும்போது மூச்சு வாங்கும். ஒரு நாள் பிந்தி வந்தவளைப் பார்த்து, "சாப்பாட்டைக் கொஞ்சம் குறைச்சா நேரத்துக்கு வரலாம்" என்று முழு வகுப்புக்கும் கேட்கச் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவள் சிரித்ததுதான் இன்றைக்கும் மனசில் நிற்கிறது.

1997இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இரண்டு பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பம். ஒன்றுவிட்ட சகோதர முறைப் பிள்ளைகள். இரு பிள்ளைகளின் பெற்றோரும் சொந்தத்துக்குள் முடித்தவர்கள். 8 வயதுப் பெண்பிள்ளை 86 கிலோ. 2 வயது ஆண்பிள்ளை 29 கிலோ. பிறந்தபோது இருவரும் சாதாரண நிறைதான். அதன்பின் அடங்காத பசி. கொழுப்புக் கலங்களிலிருந்து மூளைக்குப் போய் 'போதும்' என்று சொல்லும் லெப்டின் என்ற ஓமோனை ஆக்கும் பரம்பரையலகு அவர்களிடம் பழுதாகி இருந்தது. தாயிடமிருந்து ஒரு பழுதுப் பிரதி, தகப்பனிடமிருந்து ஒரு பழுதுப் பிரதி. அந்தப் பெண்பிள்ளைக்கு லெப்டினை ஊசியாக ஏற்றினார்கள். ஒரு வருடத்தில் 16 கிலோ குறைந்தது. அதுவரை அவளைப் பார்த்தவர்கள் எல்லாம் என்ன சொல்லியிருப்பார்கள்? நான் சொன்னதைத்தான்.

இப்படி ஒரே ஒரு அலகு பழுதாகி வரும் பருமன் மிக அரிது. சொந்தத்துக்குள் முடிப்பது வழக்கமாக உள்ள எங்களைப் போன்ற சமூகங்களில் இப்படியான பழுதுகள் வெளிப்பட வாய்ப்புச் சற்றுக் கூட என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். என் வகுப்புப் பிள்ளைக்கு அது இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பசி என்பது எல்லாருக்கும் ஒரே அளவில் கொடுக்கப்பட்ட பொருள் என்று நினைத்துக்கொண்டு பேசினேன் என்பதுதான் என் குற்றம்.

பெரும்பாலானவர்களின் கதை வேறு. நூற்றுக்கணக்கான அலகுகள், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம். இவற்றுள் பெரிய பங்காளி என்று 2007இல் கண்டுபிடிக்கப்பட்டது எஃப்.டி.ஓ. என்ற பரம்பரையலகின் ஒரு வடிவம். அதைத் தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பெற்றவர், அறவே பெறாதவரை விடச் சராசரியாக 3 கிலோ கூட இருக்கிறார். இதுவும் பெரும்பாலும் பசியின் வழியாகத்தான் வேலை செய்கிறது. நான் இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தேன். பெரிய பங்காளியே 3 கிலோதானா? அப்படியென்றால் மற்றவை?

அடுத்த வருடமே அமிஷ் மக்களிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் வாழும் இவர்கள் கார் வைத்திருப்பதில்லை. குதிரை வண்டி, வயல், கைவேலை. கனடாவில் வாழும் இதே அமிஷ் மக்களுக்கு அடியெண்ணும் கருவி கட்டிப் பார்த்தபோது ஆண்கள் ஒரு நாளைக்குச் சராசரி 18,000 அடிக்கு மேலும், பெண்கள் 14,000 அடிக்கு மேலும் நடந்தார்கள். பென்சில்வேனியா அமிஷ் மக்கள் 704 பேரில், 2008இல், அந்த எஃப்.டி.ஓ. வடிவத்தைத் தேடினார்கள். அது அவர்களிடமும் இருந்தது. ஆனால் அதிகம் உடம்பை அசைப்பவர்களிடம் அது நிறையைக் கூட்டவில்லை. குறைவாக அசைபவர்களிடம் கூட்டியது. அலகு ஒன்றுதான், ஒருவரில் பேசியது, மற்றவரில் வாய் மூடி இருந்தது.

704 பேர் போதாது என்று சொல்பவர்களுக்காக: 2011இல் பல நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2,18,166 பெரியவர்களைப் பார்த்தார்கள். உடலசைவு உள்ளவர்களிடம், பருமனாவதற்கு அந்த அலகு சேர்க்கும் ஆபத்து 27 சதவீதம் குறைந்திருந்தது. அமிஷ் ஆய்வைப் போல முழுசாக மறையவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நான் ராத்தாவுக்கு அநியாயம் செய்தவளாவேன்.

இன்னுமொன்று. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகரில் 1948இலிருந்து தலைமுறை தலைமுறையாக நடக்கும் இதய ஆய்வின் தரவுகளில், 1942க்கு முன் பிறந்தவர்களிடம் எஃப்.டி.ஓ. வடிவத்துக்கும் உடற்பருமனுக்கும் தொடர்பு தெரியவில்லை. அதன்பின் பிறந்தவர்களிடம் தெளிவாகத் தெரிந்தது. வாப்பாவின் வாப்பா, எங்கள் மூத்தவாப்பா, வட்டைக்கு விடியப்புறம் நடந்து போய் அசருக்குப் பிறகு நடந்து வருவார். அவருடைய அலகுகள்தான் வாப்பாவுக்கு வந்தன. வாப்பா கடைக் கல்லாவில் இருந்தார். காலையில் மோட்டார் சைக்கிள், பகல் முழுக்கக் கதிரை, இரவில் கணக்குக் கொப்பி. ஒரு குடும்பத்தை வைத்து ஆராய்ச்சி முடிவு சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பீமா என்ற செவ்விந்திய மக்கள் இரண்டு இடங்களில் வாழ்கிறார்கள். ஒரு பகுதியினர் அமெரிக்காவின் அரிசோனாவில், மறு பகுதியினர் மெக்சிக்கோவின் மலையூரான மைக்கோபாவில். நெருங்கிய இரத்த உறவு. அரிசோனாக்காரர் கீலா ஆற்று நீரில் கமம் செய்தவர்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலே குடியேறியவர்கள் ஆற்றை மறித்துத் திருப்பியதோடு அவர்களுடைய வயலும் போயிற்று, வயல் வேலையும் போயிற்று. மெக்சிக்கோக்காரர் இன்னும் சோளமும் அவரையும் விளைவித்துச் சாப்பிடுகிறார்கள். 1994இல் வெளியான அளவீட்டின்படி மெக்சிக்கோ பீமாக்கள் சராசரியாக 26 கிலோ குறைவாக இருந்தார்கள். 2006இல் நீரிழிவைப் பார்த்தபோது அரிசோனாவில் 38 சதவீதம், மைக்கோபாவில் 6.9 சதவீதம். இதில் சாப்பாட்டின் பங்கு எவ்வளவு, வேலையின் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் பிரிக்க முடியாது. பரம்பரையின் மேல் மட்டும் பழியைப் போட முடியாது என்பதற்கு இது போதும்.

இனிப் பிரஷருக்கு வருகிறேன். பாடநூல் 'குருதியமுக்கம்' என்று சொல்லும். ஒரு மனிதனின் குருதியமுக்க வேறுபாட்டில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை பரம்பரையால் என்று கணக்கிடுகிறார்கள். தனி ஓர் அலகு பழுதாகி வரும் அரிய அமுக்க நோய்களை யேல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் லிஃப்டன் என்பவரின் குழு ஆராய்ந்தபோது, அநேகமாக எல்லாப் பழுதும் போய் முடிந்தது ஒரே இடத்தில்: சிறுநீரகம் உப்பைக் கையாளும் விதம். வெளியே போக வேண்டிய உப்பை உடம்பு பிடித்து வைத்துக்கொள்கிறது, உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, குழாய்க்குள் அமுக்கம் ஏறுகிறது. கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் சோறு இறங்காத எங்கள் வீட்டுக்கு இது நல்ல செய்தியில்லை.

பொதுவான பிரஷருக்கு அப்படி ஒரு தனி அலகு கிடையாது. 2018இல், 10 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளில், 900க்கும் மேற்பட்ட இடங்கள் குருதியமுக்கத்தோடு தொடர்புடையவை என்று கண்டார்கள். ஒவ்வொன்றும் அசைப்பது பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. அதே வருடம் பிரித்தானியாவில் 2,77,000 பேரைப் பரம்பரை ஆபத்தின்படி மூன்று கூட்டமாகப் பிரித்துப் பார்த்தார்கள். நல்ல வாழ்க்கை முறை உள்ளவர்களின் மேல் அமுக்கம், இல்லாதவர்களை விட 4 முதல் 5 மில்லிமீற்றர் வரை குறைந்திருந்தது. நல்ல பரம்பரைக்காரருக்கும் அப்படித்தான், எங்களைப் போன்றவர்களுக்கும் ஏறத்தாழ அப்படித்தான். பரம்பரை சரியில்லாதவருக்கு நடை பலிக்காது என்ற வாதம் அந்த இடத்தில் விழுந்துவிடுகிறது.

நடை எப்படி அமுக்கத்தைக் குறைக்கிறது? வேலை செய்யும் தசைக்கு இரத்தம் ஓட வேண்டும் என்பதால் நாடிகளின் சுவர் தளர்கிறது. இது அடிக்கடி நடந்தால் அந்தச் சுவர் தளரப் பழகுகிறது. எந்நேரமும் குழாயை இறுக்கி வைக்கும் நரம்புகளின் துடிப்பும் அடங்குகிறது. ஒரு தடவை நடந்து முடித்த பிறகே அமுக்கம் சில மணித்தியாலம், சிலருக்கு ஒரு நாள் வரைக்கும்கூட, கொஞ்சம் இறங்கி நிற்கும். அதனால்தான் கிழமையில் ஒரு நாள் இரண்டரை மணித்தியாலம் நடப்பதை விட, அதையே ஐந்து நாளுக்குப் பிரித்து நடப்பது நல்லது. பிரஷர் உள்ளவர்களுக்கு ஒழுங்கான நடையால் மேல் அமுக்கம் 5 முதல் 8 மில்லிமீற்றர் வரை குறையும் என்பது இன்றைய மருத்துவ வழிகாட்டல்களில் உள்ள கணக்கு. நிறை குறைந்தால் ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிமீற்றர் என்று அது தனியாகச் சேரும்.

'தனியாக' என்ற சொல்லை விளக்க லண்டன் பஸ்களுக்குப் போக வேண்டும். ஜெரி மொறிஸ் என்ற மருத்துவர் 1953இல் வெளியிட்ட ஆய்வு அது. லண்டனின் இரட்டைத்தட்டு பஸ்ஸில் சாரதி முழு நாளும் இருந்த இடத்தில் இருப்பார். கொண்டக்டர் ஒரு நாளைக்கு 500 முதல் 750 வரையான படிகளில் ஏறி இறங்குவார். (அந்த லண்டன் பஸ்கள் தேய்ந்த பிறகு கொழும்பிலும் ஓடின. சின்ன வயதில் வாப்பாவோடு மேல்தட்டில் ஏறிப் போயிருக்கிறேன். செங்குத்தான படி.) கொண்டக்டர்களுக்கு மாரடைப்புக் குறைவு, வந்தாலும் திடீர் மரணம் பாதியளவுதான். உடனே ஒரு கேள்வி வந்தது: மெலிந்தவர்கள்தான் கொண்டக்டர் வேலைக்குப் போகிறார்களோ? மொறிஸ் என்ன செய்தார் தெரியுமா? பஸ் கம்பனி சீருடை தைத்துக் கொடுத்த அளவுப் புத்தகத்தை வாங்கி, கால்சட்டை இடுப்பளவுகளை எடுத்துப் பார்த்தார். 1956இல் வெளியான அந்தக் கட்டுரை எனக்கு மிகப் பிடித்தது. சாரதிகளின் இடுப்பு எல்லா வயதிலும் பெரிதாகத்தான் இருந்தது, இளம் வயதுக்காரரிலும்கூட. ஆகவே உடல்வாகை அவர்கள் ஓரளவு வீட்டிலிருந்தே கொண்டு வந்திருக்கிறார்கள். ஆனால் இடுப்பளவை ஒதுக்கி வைத்துப் பார்த்தபோதும் கொண்டக்டரின் அனுகூலம் போய்விடவில்லை. பருத்த கொண்டக்டருக்கும் படி ஏறியதன் பலன் இருந்தது. மொறிஸ் 99 வயது வரை இருந்தார் என்பது சேர்த்துச் சொல்லக்கூடிய தகவல்.

இது தெரியாமல்தான் நான் ஏறக்குறைய நடையையே கைவிட்டிருப்பேன். மூன்று மாதம் நடந்தேன். எங்கே நடப்பது என்பதே பெரிய பாடு. சுபஹு தொழுதுவிட்டு வீதியில் இறங்கினால் நாய், வெளிச்சம் வந்தபிறகு இறங்கினால் "டீச்சர் எங்க இந்தப் பக்கம்?" என்ற கேள்வி. ஆண்கள் கடற்கரையில் கூட்டமாக நடக்கிறார்கள், யாரும் எதுவும் கேட்பதில்லை. கடைசியில் நாங்கள் நாலு ஆசிரியைகள் அதிபரிடம் கேட்டு, பாடசாலை விட்ட பிறகு மைதானத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினோம். பேசிக்கொண்டே நடக்கலாம், பாட்டுப் பாட மூச்சு வராது. வேகத்துக்கு அதுதான் அளவு என்றார்கள்.

மூன்று மாத முடிவில் வீட்டுத் தராசில் ஏறிப் பார்த்தேன். ஒன்றரைக் கிலோ. அவ்வளவுதான். அழுகை வந்தது. கணக்குப் பார்த்தால் ஆச்சரியமில்லை. என் நிறையில் அரை மணித்தியால நடைக்குச் செலவாவது ஏறக்குறைய 150 கிலோகலோரி. கன்டீனில் ஒரு ரோல்ஸும் சீனி போட்ட பால் தேத்தண்ணியும் எடுத்தால் அதற்கு மேல் உள்ளே போய்விடும். நிறையைக் குறைப்பதில் வாய்க்குத்தான் பெரிய பங்கு. குறைந்ததைத் திரும்ப ஏறவிடாமல் பிடித்து வைப்பதில் காலுக்கு. தென்னாசியர்களான எங்களுக்கு அதே நிறையில் கொழுப்பு கூட என்பதால் உடற்றிணிவுச் சுட்டி 23ஐத் தாண்டினாலே கவனம் தேவை என்கிறார்கள். நான் 23ஐத் தாண்டி நெடுங்காலம்.

அந்த மனநிலையோடுதான் கிளினிக்குக்குப் போனேன். ஐந்து நிமிடம் அமைதியாக இருக்க வைத்து, இரண்டு தடவை அளந்தார்கள். 138/88. வைத்தியருக்குச் சந்தோசம். "நிறை குறையல்லயே டொக்டர்" என்றேன். "நான் உங்கள மெலியச் சொல்லி அனுப்பல்லயே, நடக்கச் சொல்லித்தானே அனுப்பின" என்றார். தராசு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தது. கைப்பட்டி வேறொரு கேள்விக்கு.

எல்லாருக்கும் இப்படி வரும் என்று நினைத்துவிடக் கூடாது. என் அமுக்கம் எல்லையை அதிகம் தாண்டாத நிலையில் பிடிபட்டது. 180ஐத் தொட்டவர் குளிசை எடுக்காமல் மைதானத்துக்கு ஓடுவது ஆபத்து. குளிசை போடுபவர் நடையால் குறைந்தால், குளிசையைக் குறைப்பதா என்று முடிவெடுக்க வேண்டியவர் வைத்தியர். எனக்கே இன்னும் ஐந்து வருடத்தில் குளிசை வரலாம். வாப்பா தந்தது எங்கும் போய்விடவில்லை.

பாடசாலையில் ஒன்றை மட்டும் மாற்றினேன். மூன்றாம் தவணையில் பாடத்திட்டம் முடிப்பதற்காக உடற்கல்விப் பாடவேளைகளைக் 'கடன்' வாங்குவது எங்கள் வழக்கம். நானும் வருடக்கணக்காக வாங்கியிருக்கிறேன், திருப்பிக் கொடுத்ததில்லை. பெண்பிள்ளைகளில் பலருக்குக் கிழமையில் மூச்சு வாங்க ஓடக் கிடைக்கும் நேரமே அந்த ஒன்றிரண்டு பாடவேளைகள்தான். அதை எடுத்து நான் நன்னூல் நடத்தினேன். இந்த வருடம் எடுக்கவில்லை. பாடம் இன்னும் முடியவில்லை. பின்னேர வகுப்பு வைத்திருக்கிறேன்.

ராத்தா நடக்க வரவில்லை. என் கணக்கைக் காட்டியபோது, "உனக்குக் கல்குலேட்டர் உடம்பு புள்ள, என்னுடையது வேற" என்றார். பேச்சுவாக்கில்தான் ஒன்று வெளியே வந்தது: அமுக்கம் நல்லா இருக்கிறது என்று கிளினிக்கில் சொல்லும் மாதங்களில் எல்லாம் குளிசையை நிறுத்திவிடுவாராம். வாப்பாவும் அப்படித்தான் செய்தார் என்று எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. தலையணைக்குக் கீழே பிரிக்காத குளிசைப் பட்டைகள் கிடந்தன. அதை ராத்தாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். இப்போது ஒவ்வொரு இரவும் இஷாவுக்குப் பிறகு கோல் எடுத்து, "போட்டுட்டன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறார்.